மூன்றாம் கிழமையைத் தாண்டுவது: திருகோணமலையில் நிறை குறைக்கத் தொடங்குகிறவர்களுக்கு

முதற் கிழமையில் தராசு ஒன்றரைக் கிலோ குறைத்துக் காட்டும். இரண்டாம் கிழமையில் அரைக் கிலோ. மூன்றாம் கிழமையில் ஒன்றுமில்லை. சில வேளை 300 கிராம் கூட்டியும் காட்டும். "இவ்வளவு பாடுபட்டும் ஏறுதே" என்று அன்று பின்னேரமே கொத்துக் கடையில் போய் நிற்பார்கள். அதோடு சரி. அடுத்த முயற்சி அடுத்த வருசப் பிறப்புக்குத்தான்.

இந்த வழிகாட்டி அந்த மூன்றாம் கிழமைக்காக எழுதப்பட்டது. சாப்பாட்டு அட்டவணை இதில் பெரிதாக இல்லை. எதைப் பார்த்துப் பொறுப்பது, எத்தனை நாள் பொறுப்பது, எந்தக் கட்டத்தில் எதை மாற்றுவது என்பதுதான் இருக்கிறது. பொறுமை இல்லாதவர்கள் என்று சொல்லப்படுகிறவர்களில் பலருக்குக் குறைவது பொறுமையே அல்ல, கணக்கு. எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் பஸ்ஸுக்குக்கூட ஆறுதலாக நிற்கலாம்.

தொடங்க முன்

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், 18 வயதுக்கு உட்பட்டவர்கள் இந்தக் கட்டுரையை வைத்துத் தொடங்க வேண்டாம். நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர்களும், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசை எடுக்கிறவர்களும் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முதல் கிளினிக்கில் சொல்ல வேண்டும். மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்த்துத் தரப்பட்டது. சோற்றைப் பாதியாக்கி மருந்தை அப்படியே போட்டால் சீனி தாழ்ந்து வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும். அப்படி வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அந்த நேரத்தில் நிறையைப் பற்றி யோசிக்கக் கூடாது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன்னும் டொக்டரைக் கேட்க வேண்டும். பிரஷருக்குக் குளிசை எடுக்கிறவர்களுக்கு நிறை குறையக் குறைய அளவு மாற்ற வேண்டி வரலாம். கிளினிக் கொப்பியில் புதிய நிறையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

உங்களுக்குக் குறைக்கத் தேவை இருக்கிறதா என்று பார்ப்பது இலகு. நிறையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து, உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ எனப்படும் உடற்திணிவுச் சுட்டி வரும். ஆசிய மக்களுக்கு 23ஐத் தாண்டினால் ஆபத்துக் கூடத் தொடங்குகிறது, 27.5ஐத் தாண்டினால் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் வரையறுத்தது. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு இது முறையே 59 கிலோவும் 70 கிலோவும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குக் கீழே இருப்பது நல்லது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளி நிற்பவர்கள் நம்மிடையே அதிகம். அவர்கள் தராசைவிட நாடாவையே நம்ப வேண்டும். 35 வயதைத் தாண்டியவர்கள் அரச ஆஸ்பத்திரிகளில் நடக்கும் சுகவாழ்வு நிலையத்தில் நிறை, பிரஷர், சீனி மூன்றையும் இலவசமாகப் பார்க்கலாம். முதல் நாள் கணக்கு அங்கிருந்தே தொடங்கட்டும்.

தராசு ஏன் ஏய்க்கிறது

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. (கலோரி என்று இங்கே சொல்வதெல்லாம் கிலோகலோரியை; பால்மா பக்கற்றில் இருப்பதும் அதுதான்.) நாளொன்றுக்கு 400 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் கிழமைக்கு 2,800, அதாவது 360 கிராம் கொழுப்பு. ஒழுங்காக, நியாயமாகச் சாப்பிட்டுக் குறைக்கிற ஒருவருக்குக் கிழமைக்குக் கிடைப்பது இவ்வளவுதான்.

இனி மறுபக்கம். உடம்பின் தண்ணீர் மட்டும் ஒரே நாளில் ஒரு கிலோ, சில வேளை இரண்டு கிலோ ஏறி இறங்கும். முதல் நாள் கருவாட்டுக் கறியும் ஊறுகாயும் சாப்பிட்டால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மலச்சிக்கல் என்றால் அதுவும் நிறைதான். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் தண்ணீர் தேங்கி ஒன்றிரண்டு கிலோ கூடும், வந்தபின் வடியும். புதிதாக உடற்பயிற்சி தொடங்கினால் நோகிற தசை தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். அதனால்தான் ஓடத் தொடங்கிய முதல் இரண்டு கிழமையில் நிறை ஏறி, "எனக்கு ஓட்டம் சரிவராது" என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். 360 கிராம் உண்மையான இறக்கம் ஒன்றரைக் கிலோத் தண்ணீர் அலைக்குள் ஒளிந்து கிடக்கிறது. டச்பேயில் நின்றுகொண்டு ஒரு அலையைப் பார்த்துக் கடல் வற்றுகிறதா ஏறுகிறதா என்று சொல்ல முடியாது. அதே கதைதான்.

முதற் கிழமை ஒன்றரைக் கிலோவின் இரகசியமும் தண்ணீர்தான். ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாச்சத்து அரைக் கிலோவளவு சேமிப்பில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கும். சோறும் பாணும் குறைந்ததும் இந்தச் சேமிப்பின் ஒரு பகுதி கரைந்து, தண்ணீரும் சேர்ந்து வெளியேறும். கொழுப்பு அப்போது அரைக் கிலோகூடக் குறைந்திருக்காது. ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டில் அந்தத் தண்ணீர் திரும்பி வரும். அன்றும் கொழுப்பு அவ்வளவு கூடியிருக்காது. "ஏழு நாளில் ஐந்து கிலோ" என்று விற்கிற பொடியும் தேயிலையும் இந்தத் தண்ணீரைத்தான் விற்கின்றன. பேதிக்குக் கொடுத்துத் தண்ணீரை இறக்குகிறதும் உண்டு.

வியர்வையும் அப்படியே. கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்து மத்தியானத்தில் ஒரு மணித்தியாலம் நடந்தால் ஒரு கிலோ குறையலாம். இரண்டு போத்தல் தண்ணீர் குடித்ததும் அது வந்துவிடும். கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணற்றிலும் மாறி மாறிக் குளித்தாலும் கொழுப்பு உருகாது. உடம்பு வலிக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

நிறுக்கிற முறை

1. காலையில் எழும்பி, மலசலம் கழித்து, தேத்தண்ணி குடிப்பதற்கு முன் நிறுக்கவும். ஒரே மாதிரியான மெல்லிய உடுப்பு. இரவு வேலைக்குப் போகிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் நீண்ட நித்திரை முடித்து எழும்பியதும் நிறுக்கலாம்; பகலோ இரவோ, நித்திரை முடிந்த நேரம் என்பதே கணக்கு.

2. டிஜிற்றல் தராசைச் சீமெந்துத் தரையிலோ ஓட்டுத் தரையிலோ வைக்கவும். பாய், கம்பளம் மேல் வைத்தால் பிழை காட்டும். இடத்தை மாற்ற வேண்டாம். இரண்டு தரம் ஏறிப் பார்த்து இரண்டும் ஒன்றாக வந்தால் சரி. வராவிட்டால் முதலில் பற்றரியை மாற்றுங்கள்.

3. கிழமையில் குறைந்தது நான்கு நாள் எழுதி, கிழமை முடிவில் கூட்டி வகுத்துச் சராசரி எடுக்கவும். ஒப்பிடுவது சராசரியைச் சராசரியோடு மட்டும். நேற்றையதோடு இன்றையதை ஒப்பிடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

4. இடுப்பை இரண்டு கிழமைக்கு ஒரு தரம் அளக்கவும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்டபின், நாடாவை இறுக்காமல். தொப்புளுக்கு மேலே ஒரு நாள், கீழே ஒரு நாள் என்று அளந்தால் மூன்று சென்ரிமீற்றர் சும்மா மாறும்.

5. பெண்கள் இந்த மாதத்தின் கிழமையைப் போன மாதத்தின் அதே கிழமையோடு ஒப்பிட வேண்டும். மாதவிடாய் முடிந்த கிழமையை அதற்கு முந்திய கிழமையோடு ஒப்பிட்டால் ஒரு தரம் ஆனந்தம், ஒரு தரம் அழுகை.

வீட்டில் தராசு இல்லாதவர்கள் பாமசியில் உள்ளதில் கிழமைக்கு ஒரு நாள், ஒரே நாளில், ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஆனால் ஒரு எண் சராசரி ஆகாது. ஆகவே மாதத்தில் நான்கு எண்களைச் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தராசைக் கண்டாலே மனம் உடைகிறவர்கள், முன்பு சாப்பாட்டை ஒறுத்து வருத்தப்பட்டவர்கள் தினமும் நிறுக்கவே வேண்டாம். நாடாவும் ஒரு பழைய காற்சட்டையும் போதும்.

இப்படி எழுதிய கொப்பி எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி. ஆறு கிழமைச் சராசரி: 78.6, 77.5, 77.2, 77.4, 76.8, 76.4. நான்காம் கிழமையைப் பாருங்கள். 200 கிராம் ஏறியிருக்கிறது. அந்த இடத்தில்தான் கொப்பி மூடப்படுவது. ஆனால் தண்ணீர் இறங்கிய முதற் கிழமையைத் தள்ளிவிட்டு இரண்டாவதிலிருந்து ஆறாவது வரை பார்த்தால் நான்கு கிழமையில் 1.1 கிலோ. நாளொன்றுக்கு 300 கலோரி உண்மையாகவே குறைந்திருக்கிறது என்று அர்த்தம். வருசம் முழுக்க இதே வேகம் இருக்காது. இருந்தாலும் இது தோல்வியின் கணக்கு அல்ல.

எவ்வளவு, எத்தனை மாதத்தில்

முதல் இலக்கை உங்கள் நிறையில் 5 சதவீதமாக வையுங்கள். 80 கிலோ என்றால் 4 கிலோ. 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பிரஷர், இரத்தச் சீனி, கொழுப்பு மூன்றிலும் மாற்றம் தெரியத் தொடங்கும். கிழமைக்கு 300 கிராம் என்றால் 4 கிலோவுக்கு மூன்று மாதத்துக்குச் சற்று மேல். தவறுகிற கிழமைகளையும் சேர்த்து ஐந்து மாதம் என்று நாட்காட்டியில் குறியுங்கள். கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமைதான் இருக்கிறது என்று தொடங்குகிறவர்களுக்கு ஒரே அறிவுரை: சட்டையைத் தைப்பவரிடம் கொடுத்து அளவைக் கூட்டுங்கள். நிறையைக் கலியாணத்துக்குப் பிறகு பார்க்கலாம்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை வைத்துப் பார்த்து 2010இல் வெளியிட்ட முடிவு வேறு: ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்கிற பழக்கமாக மாற நடுவண் கணக்கில் 66 நாள் எடுத்தது, சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரை என்று கணிப்பு. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பு எதையும் செய்யவில்லை. ஆக, இரண்டு மாதம் தாண்டியும் காலை நடை பாரமாகத் தெரிந்தால் உங்களில் பிழை இல்லை.

இரண்டே இரண்டு மாற்றம்

ஒரே நாளில் சோறு, சீனி, எண்ணெய், பேக்கரி எல்லாவற்றையும் விடுகிறவர் பத்தாம் நாள் எல்லாவற்றையும் சேர்த்து எடுப்பார். முதல் மாதத்துக்கு இரண்டு மாற்றம் போதும். எந்த இரண்டு என்று தெரிய, முதலில் ஒரு கிழமை ஒன்றையும் மாற்றாமல், சாப்பிடுவதையெல்லாம் கொப்பியில் எழுதுங்கள். தாளித்தபோது ருசி பார்த்தது, பிள்ளை விட்ட அரைத் துண்டு பராட்டா, கடையில் நின்று கடித்த வடை, எல்லாம்.

பெரும்பாலான கொப்பிகளில் முதலில் கண்ணில் படுவது தேத்தண்ணி. நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி என்று வையுங்கள். கரண்டிக்கு 4 கிராம் என்றால் 60 கிராம், 240 கலோரி. மாதத்துக்கு 7,200. மேலே சொன்ன ஒரு கிலோக் கொழுப்பின் கணக்கோடு ஒப்பிட்டால், சோற்றில் கை வைக்காமலே மாதத்துக்கு ஒரு கிலோவுக்குக் கிட்ட வருகிறது. ஒரேயடியாக நிறுத்தினால் தலை இடிக்கும், கோபம் வரும். கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறையுங்கள்: மூன்று, இரண்டரை, இரண்டு, ஒன்றரை, ஒன்று. நாலு கிழமையில் நாக்கு பழகிவிடும். பிறகு பழைய பிளேன்டி பாணி மாதிரி இருக்கும். சர்க்கரையைக் கடித்துக்கொண்டு குடிப்பதும் சீனிதான். குளிர்பானப் போத்தலில் சிவப்பு வட்டம் இருந்தால் சீனி கூடியது; அந்த அடையாளம் 2016இலிருந்து இலங்கையில் கட்டாயம். அதைப் பார்க்கிற ஆட்கள்தான் குறைவு.

சோற்றை முற்றாக விட வேண்டாம். தம்பலகாமத்து வயலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோறில்லாமல் ஒரு வருசம் இருக்க ஒருவராலும் முடியாது. முடியாததைத் திட்டமாக்கக் கூடாது. 100 கிராம் சோற்றில் 130 கலோரி. உங்கள் வழக்கமான தட்டை ஒரு நாள் நிறுத்துப் பாருங்கள். 450 கிராம் இருந்தால் 300ஆக்குங்கள். அந்த 150 கிராம் இடத்தைக் கீரை, பீர்க்கு, புடலை, வல்லாரைச் சம்பல் நிரப்ப வேண்டும். தட்டு வெறுமையாகத் தெரிந்தால் இரண்டாம் தரம் கை தானாகப் போகும். ஒரே கோப்பையால் அளந்து போடுங்கள், கண்ணால் அல்ல. சிவப்பரிசியில் நார் கூட, பசி தாங்கும். கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். சிவப்பரிசி என்ற துணிவில் இரண்டு தட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு நிறை ஏன் இறங்குவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

எண்ணெயும் தேங்காயும் மறைந்திருந்து தாக்குகிறவை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350. கறிக்கறியாக அளப்பது நடக்காத காரியம். அதற்குப் பதில் எண்ணெய்ப் போத்தலில் திறந்த திகதியை எழுதுங்கள். நாலு பேருள்ள வீட்டில் 750 மில்லிலீற்றர் பத்து நாளில் முடிந்தால் ஆளுக்கு நாளுக்கு 19 மில்லிலீற்றர், 150 கலோரிக்கு மேல். பதினைந்து நாளுக்கு இழுத்தால் ஆளுக்கு 50 கலோரி மிச்சம், சமையல் ருசி மாறாமல். தேங்காய்ப்பாலில் முதற்பாலை ஒரு கறிக்கு மட்டும் வைத்து, மற்றதை இரண்டாம் பாலில் சமைக்கலாம். சொதிக்கும் அதுவே போதும்.

திருகோணமலைக்காரருக்கு ஒரு வசதி உண்டு: மீன். 100 கிராம் சூரையில் 23 கிராமளவு புரதம். புரதம் பசியை நீண்ட நேரம் தள்ளிப் போடும்; நிறை குறையும்போது தசை கரைவதையும் மட்டுப்படுத்தும். 70 கிலோ உள்ளவர் நாளுக்கு 70 முதல் 80 கிராம் வரை எடுக்கப் பார்க்கலாம். மத்தியானம் 150 கிராம் மீன், காலையில் இரண்டு முட்டை, இரவில் ஒரு கோப்பை கெட்டிப் பருப்பு, இடையில் அவித்த கடலையோ பயறோ, ஒரு சிறு கிண்ணம் சீனி போடாத எருமைத் தயிர் என்று சேர்த்தால் எட்டும். பொரியல் வேண்டாம்; சுறா வறை, புளி விட்ட குழம்பு, அடுப்பில் சுட்டது நல்லது. பொரித்த மீன் எண்ணெயைக் குடித்துக்கொண்டு வருகிறது.

நடை

கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஒரு கிலோமீற்றருக்குள்தான், ஆனால் ஏற்றம். மான்கள் மேய்கிற நிழல் வழி. காலையில் சனமும் இருக்கும், பயமில்லாமல் நடக்கலாம். உவர்மலைச் சரிவும் நல்லது. சமதரை வேண்டுமென்றால் உட்துறைமுக வீதி. பங்குனியிலிருந்து புரட்டாதி வரை காலை 7 மணிக்கு முன் முடித்துவிடுங்கள்; பிறகு வெயில் அறையும்.

முதற் கிழமை நாளுக்கு 15 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள். ஒவ்வொரு கிழமையும் 5 நிமிடம் கூட்டினால் நாலாம் கிழமையில் நாளுக்கு 30, கிழமைக்கு 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற குறைந்த அளவு அது. வேகம் எப்படி? கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. முதல் நாளே ஒரு மணித்தியாலம் நடந்து, மூன்றாம் நாள் குதிகால் வலியோடு படுப்பது மிகப் பொதுவான பிழை. றப்பர் செருப்போடு நடப்பது அதை விரைவுபடுத்தும். சப்பாத்து வாங்கக் காசு இல்லையென்றால் பின்பட்டி உள்ள தடித்த செருப்பாவது போடுங்கள். இளகிய மணலில் நடப்பது களைப்புக் கூட, பலன் கூட. ஆனால் முதல் மாதத்துக்கு வேண்டாம். ஈர மணலில் கரை சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். போன தூரமே திரும்பி வந்தால் மற்றக் காலுக்கும் பங்கு கிடைக்கும். நடக்கையில் நெஞ்சு அடைத்தாலோ இடது கைக்கு வலி பரவினாலோ நின்று, இருந்து, 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

நடையால் நிறை மளமளவென்று இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 75 கிலோ ஆள் ஒரு மணித்தியாலம் விரைந்து நடந்தால் 300 கலோரிக்குக் கிட்ட. திரும்பி வரும் வழியில் ஒரு பராட்டாவும் பால் தேத்தண்ணியும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். நடையின் உண்மையான வேலை, குறைந்த நிறையைப் பிடித்து வைப்பது. கிழமைக்கு இரண்டு நாள் கதிரையிலிருந்து எழும்பி இருப்பது 10 தரம் மூன்று முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 தரம் மூன்று முறை செய்தால் தசை கரையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் உயரக் கதிரையில் தொடங்கலாம்.

நிறை நின்றுபோனால்

இந்தப் பகுதியைப் படித்துக் கொப்பியின் பின்னட்டையில் எழுதி வையுங்கள். தேவைப்படுகிற நாளில் ஆறுதலாக யோசிக்கிற மனநிலை இருக்காது.

இரண்டு கிழமை நின்றால்: ஒன்றும் செய்ய வேண்டாம். அது தண்ணீரின் வேலை.

மூன்றாம் கிழமையும் நின்றால்: நாடாவை எடுங்கள். இடுப்பு ஒரு சென்ரிமீற்றராவது குறைந்திருந்தால் கொழுப்பு போய்க்கொண்டிருக்கிறது. எதையும் மாற்ற வேண்டாம்.

நாலு கிழமைச் சராசரியும் இடுப்பும் இரண்டும் அசையாவிட்டால்தான் உண்மையான தேக்கம். அப்போதும் உடனே சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. மூன்று நாள், அதில் ஒன்று சனியோ ஞாயிறோ, முதற் கிழமையில் எழுதியதுபோல எல்லாவற்றையும் எழுதுங்கள். அநேகமாக மூன்றில் ஒன்று வெளிவரும். கோப்பையால் அளந்த சோறு கண்ணளவுக்கு மாறியிருக்கும். தேத்தண்ணிச் சீனி ஒன்றிலிருந்து மெல்ல இரண்டாகியிருக்கும். இல்லாவிட்டால் சனி ஞாயிறு. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 400 வீதம் 2,000 கலோரி குறைத்தவர், சனிக்கிழமை சாமத்தியச் சாப்பாட்டில் ஆயிரமும் ஞாயிறு கொத்திலும் ஐஸ்கிறீமிலும் ஆயிரமும் கூட்டினால் கிழமை முடிவில் பூச்சியம். "ஐந்து நாள் பட்டினி கிடந்தும் குறையேல்ல" என்று அவர் சொல்வது பொய்யல்ல. கணக்கும் பொய்யல்ல.

கொப்பியில் ஓட்டை ஒன்றும் இல்லையென்றால் நான்காவது காரணம்: உடம்பு சிறுத்துவிட்டது. 10 கிலோ குறைந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது முன்பைவிட ஏறத்தாழ 200 கலோரி குறைவு. ஆரம்பத்தில் குறைவாக இருந்த சாப்பாடு இப்போது சரியளவாகிவிட்டது. அந்த நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்: மத்தியானச் சோற்றில் இன்னும் 100 கிராம் குறைப்பது, அல்லது நடையில் 20 நிமிடம் கூட்டுவது. மாற்றிய திகதியை எழுதி, மறுபடி நாலு கிழமை பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். 1,200 கலோரிக்குக் கீழே டொக்டர் சொல்லாமல் இறங்க வேண்டாம். முடி கொட்டும், பித்தப்பையில் கல் வரவும் இடமுண்டு.

எதற்கும் அசையாமல், கூடவே உடம்பு சோர்ந்து, குளிர் தாங்காமல், மாதவிடாய் தவறி வந்தால் தைரொயிட் பரிசோதனை கேளுங்கள். ஸ்ரீறோயிட் குளிசையும் சில மனநல மருந்துகளும் நிறையை ஏற்றும். அவற்றைத் தானாக நிறுத்துவது ஆபத்து, மாற்று இருக்கிறதா என்று கேட்கலாம். நாலைந்து மாதம் தொடர்ந்து குறைத்தவர்கள் தேக்கம் வந்ததும் வேண்டுமென்றே இரண்டு கிழமை, நிறை ஏறாத அளவுக்குச் சற்றுக் கூட்டிச் சாப்பிட்டு ஓய்வெடுப்பதும் நல்லது. திகதி குறித்து எடுக்கிற ஓய்வு கைவிடுதல் ஆகாது. நிறுப்பதையும் நடையையும் மட்டும் அந்த நாட்களில் விடாதீர்கள்.

விசேஷமும் ஊர்வாயும்

கலியாணம், முப்பத்தோராம் நாள், குடிபூரல், கோயில் அன்னதானம் எதையும் தவிர்க்கச் சொல்லவில்லை. மாதத்தில் இரண்டு என்றால் அவை கணக்கைக் குழப்பாது. குழப்புவது அடுத்த நாள். "நேற்றே கெட்டுப்போச்சு, இனித் திங்கட்கிழமை தொடங்குவம்" என்று நினைப்பது ஒரு வேளைச் சாப்பாட்டை ஐந்து நாளாக நீட்டும். தண்டனையாக அடுத்த நாள் பட்டினி கிடப்பதும் பிழை. பின்னேரம் பசி வெடித்து ரோல்ஸும் மாலு பணிஸும் உள்ளே போகும். அடுத்த வேளையே வழக்கமான சாப்பாடு, வழக்கமான அளவு. இரண்டு நாள் தராசில் ஏறவும் வேண்டாம்.

பந்தியில் மறுப்பதைவிடத் தாமதிப்பது இலகு. "போதும்" என்றால் பரிமாறுகிறவர் கோபிப்பார். "இதை முடிச்சிட்டுக் கேக்கிறன் அக்கா" என்றால் அடுத்த இலைக்குப் போய்விடுவார். கொஞ்சம் மெலிந்ததும் "என்ன, சீனி வருத்தம் வந்திட்டோ? முகம் வாடிப்போச்சு" என்று கேட்கத் தொடங்குவார்கள். நாலைந்து கிலோ இறங்கியதன் ஊர்ச் சான்றிதழ் அது என்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் சமைப்பது அம்மாவோ மனைவியோ என்றால் தனிச் சமையல் கேட்காதீர்கள். தட்டின் அளவை மாற்றுவது உங்கள் கையில், எண்ணெய்ப் போத்தல் திகதி எல்லோருக்கும் பொது.

நோன்பு மாதத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தவர்களுக்கு நிறுக்கிற நேரம் சஹருக்கு எழும்பியதும், சாப்பிட முன். அந்த மாதம் குறைகிறதில் பெரும்பங்கு பெருநாளுக்குப் பிறகு திரும்புவது வழக்கம். ஆகவே நோன்புக்கு முந்திய கிழமையோடு பெருநாளுக்கு மூன்று கிழமை கழித்து ஒப்பிடுங்கள். நோன்பு திறக்கையில் கஞ்சியும் பேரீச்சம்பழமும் பசியை அடக்கிவிடும். சமோசாத் தட்டைக் கஞ்சிக்குப் பிறகு கொண்டுவரச் சொன்னால் பாதி மிஞ்சும்.

வாடைக் காலம்

ஐப்பசி கடைசியில் மழை தொடங்கினால் நடை நிற்கும். கடலும் கொந்தளிக்கும், அந்த மாதங்களில் கடலில் நீந்திப் பயிற்சி எடுக்க நினைக்க வேண்டாம். அடைமழை, பிறகு திருவெம்பாவைப் பிரசாதம், நத்தார் கேக், தைப்பொங்கல் என்று தொடர்ந்து வருகிறது. இந்த இரண்டரை மாதமும் குறைக்கிற இலக்கை எடுத்துவிட்டு, ஏறாமல் பார்ப்பதை இலக்காக்குங்கள். ஐப்பசிச் சராசரியிலிருந்து ஒரு கிலோவுக்குள் தை கடைசியில் நின்றால் அது முழு வெற்றி.

விறாந்தை 10 மீற்றர் நீளமென்றால் நூறு தரம் நடக்க ஒரு கிலோமீற்றர். சலிப்பாக இருக்கும், வானொலிச் செய்தி போட்டுக்கொண்டு நடந்தால் நேரம் போவது தெரியாது. மழை விட்ட அரை மணித்தியாலத்தில் வெளியே போவதற்குச் சப்பாத்தும் குடையும் வாசலிலேயே இருக்கட்டும். அலுமாரிக்குள் வைத்தால் போக மாட்டீர்கள்.

இலக்கு எட்டியபின் கொப்பியை மூட வேண்டாம். கிழமைக்கு ஒரு நாள் நிறுத்து எழுதினால் போதும். எட்டிய நிறைக்கு மேலே இரண்டு கிலோவில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு கீறுங்கள். நாலு கிழமைச் சராசரி அந்தக் கோட்டைத் தொட்டால் முதற் பக்கத்தில் எழுதிய அந்த இரண்டு மாற்றத்தையும் எடுத்துப் பாருங்கள். தேத்தண்ணிக் கரண்டிதான் முதலில் கூடியிருக்கும்.